போர்டு பள்ளிக்கூடத்துப் பழைய வருகைப் பதிவேட்டை எப்படிப் படிப்பது? (ராமநாதபுரம் கடற்கரை, 1910–1940)

சேதுக்கரையான் கேட்டது:

கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடையில் உள்ள ஒரு கடலோர ஊரின் தொடக்கப் பள்ளிக்கு நூற்றாண்டு மலர் தயாராகிறது. பள்ளி பீரோவில் கிடைத்தவை: 1920களின் சேர்க்கைப் பதிவேடு, விட்டுவிட்டுச் சில வருடங்களின் வருகைப் பதிவேடு, இன்ஸ்பெக்டர்கள் குறிப்பு எழுதிய பார்வைப் புத்தகம், கொஞ்சம் சம்பளப் பட்டுவாடாத் தாள்கள். திண்ணைப் பள்ளியாக ஆரம்பித்து, மானியம் வாங்கி எய்டட் ஆகி, கடைசியில் தாலுகா போர்டு (அக்கால உள்ளாட்சி மன்றம்) எடுத்துக்கொண்ட பள்ளி என்று தெரிகிறது.

குழப்பம் இதுதான். பட்டியலில் உள்ள பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் சராசரி வருகை. ஒன்றாம் வகுப்பு நிரம்பி வழிகிறது, நான்காம் வகுப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பேர். ஆசிரியர் பெயர் அடிக்கடி மாறுகிறது, நடுவில் மாதக்கணக்கில் யார் கையெழுத்தும் இல்லை. பார்வைப் புத்தகத்தில் பெற்றோர் அலட்சியம்தான் காரணம் என்று வருடா வருடம் எழுதியிருக்கிறார்கள். மலர்க்குழுவில் சிலர், "கடற்கரை ஜனங்களுக்கு அந்தக் காலத்தில் படிப்பில் அக்கறை இல்லை" என்று அப்படியே எழுதிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தத் தாள்களை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

பழையதாள்:

பார்வைப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில் எண்கள் எப்படி உருவாயின என்று பார்க்க வேண்டும்.

மூன்று வேறு வேறு எண்கள் உண்டு, இவற்றைக் கலந்தால் எல்லாம் கெடும். ஒன்று, பட்டியலில் உள்ள பெயர்கள். இரண்டு, சராசரி வருகை: மாதத்தில் விழுந்த வருகைக் குறிகளைக் கூட்டி, பள்ளி நடந்த வேளைகளால் வகுத்தது. காலை ஒரு கோடு, பிற்பகல் குறுக்கே ஒரு கோடு என்று இரண்டு வேளையாகக் குறித்திருந்தால் வகுக்கும் எண்ணும் வேளைக்கணக்கில் இருக்க வேண்டும். குறிகளை வேளைக்கணக்கில் கூட்டி நாட்கணக்கில் வகுத்தால் சராசரி இரட்டிப்பாகிவிடும். பழைய பதிவேடுகளில் இந்தத் தப்பு வாத்தியாரே செய்திருப்பதும் உண்டு. மாதக் கடைசிக் கூட்டலை நம்பாமல் இரண்டு மூன்று மாதங்களை நீங்களே கூட்டிப் பாருங்கள். மூன்று, கல்வி இலாகாவின் ஆண்டறிக்கைக்குப் போன எண். அது மார்ச் 31 அன்று பட்டியலில் இருந்தவர்கள். அன்று வந்தவர்கள்கூட அல்ல. சென்னை மாகாண அறிக்கைகளில் "பள்ளியில் இத்தனை லட்சம் பிள்ளைகள்" என்று பார்ப்பதெல்லாம் இந்த மூன்றாவது எண்தான்.

அடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் பணம் இருக்கிறது. 1854 கல்விச் சாசனத்துக்குப் பிறகு மானிய முறை வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் திண்ணை வாத்தியார்களுக்குக் கிடைத்தது தேர்ச்சி மானியம்: இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று பிள்ளை பிள்ளையாகச் சோதிப்பார், தேறியதற்கு ஏற்பக் காசு. 1904ல் இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. அதன்பின் ஆசிரியரின் தகுதி, பள்ளியின் பலம் (பிள்ளைகளின் எண்ணிக்கை), நடத்தை என்று மானியத்தின் அடிப்படை மாறியது. உங்கள் பள்ளி எந்த வருடம் எய்டட் ஆனது என்பதைப் பொறுத்துப் பதிவேட்டின் குணமே மாறும். தேர்ச்சி மானியக் காலத்தில் தேறமாட்டாத பிள்ளையை வைத்திருப்பதால் வாத்தியாருக்கு லாபமில்லை. பலத்தைப் பார்த்து மானியம் தரும் காலத்தில், போய்விட்ட பிள்ளையின் பெயரை அடிக்க அவருக்குக் கை வராது. எய்டட் பள்ளியில் வாத்தியாரே மேனேஜராக இருந்தால் (இந்த மாகாணத்தில் அது சர்வசாதாரணம்) மானியம்தான் அவர் சோறு. பேர் குறைந்தால் அங்கீகாரம் போகும், அங்கீகாரம் போனால் மானியமும் போச்சு.

ஆகவே பட்டியலுக்கும் வருகைக்கும் உள்ள இடைவெளி முழுவதும் "வராத பிள்ளைகள்" அல்ல. அதில் ஒரு பங்கு ஊரிலேயே இல்லாத பிள்ளைகள். எப்படிப் பிரிப்பது? ஒரு மாதம் முழுக்க ஒரு குறிகூட விழாத பெயர்களை எண்ணி ஒதுக்குங்கள். மிச்சமிருக்கும் பெயர்களுக்கு மட்டும் சராசரி போடுங்கள். இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்தால் எது வெறும் தாள், எது நிஜமான வராமை என்று பிடிபடும்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. இன்ஸ்பெக்டர் வந்த தேதி பார்வைப் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்பின் இரண்டு வாரம் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அன்று மட்டும் குதித்து மறுநாள் விழுந்திருந்தால், அந்த நாளை வைத்து எதுவும் எழுதாதீர்கள்.

வாடைக்காற்று:

பழையதாள் சார் சொன்ன வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சுவதை மாதவாரியாக ஒரு தாளில் போட்டு, பக்கத்தில் தமிழ் மாதத்தையும் எழுதுங்கள். கடலோரப் பள்ளிக்கு ஆங்கில மாதம் மட்டும் போதாது.

உங்கள் ஊர் தென்கடல் கரை, அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று. வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். வைகாசி தொட்டு ஆவணி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. அப்போது தென்கடல் புரளும், வடகடல் அமரும். வலைக்காரர்கள் அடங்கிய கடலைத் தேடி எதிர்க்கரைக்குப் போய் வாடி (தற்காலிகக் குடிசை) போடுவார்கள், சிலர் குடும்பத்தோடு. ஆக மண்டபத்துக்கு வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துப் பள்ளியில் வருகை விழும் மாதமும் உங்கள் பள்ளியில் விழும் மாதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் பள்ளமும் மேடும் ஒன்றையொன்று தின்றுவிடும், "வருடம் பூராவும் மந்தம்" என்று தோன்றும். இன்ஸ்பெக்டர் கண்ட அலட்சியத்தில் பாதி இந்தக் கணக்குதான் என்பது என் கட்சி.

கரைவலைக்கு ஆள் பலம் வேண்டும். கயிறு இழுக்கப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் இடமுண்டு, சின்னதாய்ப் பங்கும் உண்டு. இழுப்பு பெரும்பாலும் காலையில். அதனால் காலை, பிற்பகல் குறிகளைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். காலையில் ஆளில்லாமல் பிற்பகலில் நிறைந்திருந்தால் அது படிப்பு வேண்டாதவனின் பதிவேடு அல்ல. பள்ளி மணி வலைக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

சாயல்குடிப் பக்கம் என்றால் பனையையும் சேர்க்க வேண்டும். மாசி, பங்குனியில் பாளை சீவ ஆரம்பித்தால் ஆடி வரை பனங்காட்டிலேயே குடிசை. அப்பன் மரத்தில், ஆத்தாள் அடுப்பில், பெரிய பிள்ளை பதநீர் சுமக்க, சின்னப் பெண் கைப்பிள்ளையைப் பார்க்க. இதில் மார்ச் 31 எங்கே விழுகிறது பாருங்கள்: பங்குனி நடுவில். இலாகா கணக்கெடுக்கும் நாளும் பனைக்குடும்பம் ஊரைக் காலி செய்யும் பருவமும் ஒன்று. அந்த நாளில் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், பிள்ளை இருக்க வேண்டாம் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

நிலத்துக்காரப் பிள்ளைகள் வேறு வரிசை: புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் களை, தை மாசியில் அறுப்பு. சாதி, தொழில் பத்தி உங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தால் வலை, பனை, நிலம் என்று மூன்றாகப் பிரித்து மூன்று கோடு வரையுங்கள்.

இலங்கையை மறந்துவிடாதீர்கள். விலகிய காரணப் பத்தியில் "கண்டி", "கொழும்பு" என்று இருந்தால் அது வராமை அல்ல, இடப்பெயர்ச்சி. இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் போன வழி பெரும்பாலும் மண்டபம் முகாம் (அங்கே போகும் கூலியாட்களைத் தங்கவைத்த இடம்) வழிதான். 1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்து போட் மெயில் (இலங்கைக் கப்பலோடு இணைந்த ரயில்) அந்த வழியே ஓட ஆரம்பித்தபின் போக்குவரத்து இன்னும் சுலபம். மழை பொய்த்த வருடத்தில் இந்தப் பத்தி நீளும்.

கரும்பலகை:

கடலையும் பனையையும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதை மட்டும் சொன்னால் வாத்தியார் இல்லாத குறை மறைந்துபோகும். ஒன்றாம் வகுப்பு வீங்கி நான்காம் வகுப்பு வற்றியதற்குப் பருவம் காரணமில்லை. பருவம் எல்லா வகுப்பையும்தான் அடிக்கும்.

ஓராசிரியர் பள்ளியின் நாளை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார், பாடநேரம் 5 மணி, அதாவது 300 நிமிடம். சமமாகப் பங்கிட்டால் வகுப்புக்கு 60 நிமிடம். ஒன்றாம் வகுப்பில் 32 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 2 நிமிடம்கூட வராது. ஆனால் அவர் சமமாகப் பங்கிடமாட்டார். மேல்வகுப்புப் பிள்ளைகள்தான் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று வாசிக்க வேண்டியவர்கள். ஒன்றாம் வகுப்பு மணலில் எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு மூத்த பையன் மேற்பார்வையில் உட்கார்ந்திருக்கும். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறைதான். ஆனால் திண்ணையில் பிள்ளை தன் வேகத்தில் சுவடி மாறிப் போவான். வருடத் தேர்வு, வகுப்பு ஏற்றம் என்று ஒன்று கிடையாது. வகுப்பு முறையைத் திணித்துவிட்டு, வகுப்புக்கு ஒரு வாத்தியாரைக் கொடுக்காமல் விட்டதுதான் கோளாறு. பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு வருடம், மூன்று வருடம் கிடப்பான். புதிதாகச் சேர்பவர்களும் அதன் மேல் வந்து விழ, வகுப்பு வீங்குகிறது. பிறகு வயது வந்து வலைக்கோ மாட்டுக்கோ போய்விடுகிறான்.

1929ல் சைமன் கமிஷனின் கல்வித் துணைக்குழுவான ஹார்டாக் குழு இதற்குத் தேக்கம், விரயம் என்று பெயர் வைத்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் அவர்கள் காட்டிய கணக்கு: 1922–23ல் ஒன்றாம் வகுப்பில் இருந்த 100 பேருக்கு 1925–26ல் நான்காம் வகுப்பில் 18 பேர். படித்தது மறக்காமலிருக்க நான்கு வருடமாவது வேண்டும் என்பதும் அவர்கள் நிலை. உங்கள் பள்ளிக்கும் இதே கணக்கைப் போடலாம், ஒரு எச்சரிக்கையோடு. ஒரே வருடத்து ஒன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒப்பிடாதீர்கள். இந்த வருட ஒன்றை மூன்று வருடம் கழித்த நான்கோடு ஒப்பிடுங்கள். அதுவும் முரட்டுக் கணக்குதான், ஏனென்றால் வகுக்கும் ஒன்றாம் வகுப்பு எண்ணில் தேங்கியவர்களும் கலந்திருக்கிறார்கள். சேர்க்கைப் பதிவேடு கையில் இருப்பதால் உங்களுக்கு ஹார்டாக்கை விட நல்ல வழி இருக்கிறது: ஒரு வருடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் விலகிய தேதி, விலகியபோது இருந்த வகுப்பு இரண்டையும் எழுதுங்கள். பள்ளியில் மூன்று வருடம் இருந்து ஒன்றாம் வகுப்பிலேயே விலகியவன் தேக்கம். ஆறு மாதத்தில் போனவன் விரயம். இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு.

ஆசிரியர் பெயர் மாறுவதற்கு வருகிறேன். பெயருக்குப் பக்கத்தில் தகுதி எழுதியிருக்கும்: ஹையர் கிரேடு, லோயர் கிரேடு, அல்லது பயிற்சி பெறாதவர். எட்டாம் வகுப்பு முடிவில் எழுதும் இ.எஸ்.எல்.சி. பரீட்சை தேறி டிரெயினிங் ஸ்கூல் முடித்தால் ஹையர் கிரேடு. கடலோரத்துக்கு ஹையர் கிரேடு ஆளை மாற்றினால் டவுன் பக்கம் காலியிடம் விழும் வரைதான் இருப்பார். நல்ல தண்ணீர் கிடையாது, வாடகைக்கு வீடு கிடையாது, மழைக்காலத்தில் ரோடு கிடையாது. அவர் லீவில் போனால் பதிலாள் போட போர்டின் உத்தரவு வர வேண்டும், வரும் வரை பள்ளிக்குப் பூட்டு. கையெழுத்து இல்லாத மாதங்கள் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும். அந்த மாதங்களுக்கு முன்னும் பின்னும் பட்டியலை ஒப்பிடுங்கள். பூட்டு திறந்தபின் எத்தனை பேர் திரும்பவில்லை என்று எண்ணினால், வாத்தியார் வராமைக்கும் பிள்ளை வராமைக்கும் எது முந்தியது என்று உங்கள் தாளே சொல்லும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டாவது வாத்தியார் வேண்டும் என்று எழுதினால் போர்டு கேட்பது சராசரி வருகை. ஒற்றை வாத்தியாரிடம் வருகை ஏறாது. வருகை ஏறாததால் இரண்டாவது ஆள் வராது. பார்வைப் புத்தகத்தில் அலட்சியம் என்ற சொல் வரும் பக்கத்திலேயே "கூடுதல் ஆசிரியர் தேவையில்லை" என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இரண்டையும் சேர்த்தே மலரில் போடுங்கள்.

பட்டுவாடாத் தாளில் ஒரு சின்ன விஷயம். அக்காலத்தில் 20 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்குத்தான் ஒரு அணா ரெவின்யூ ஸ்டாம்பு. தொடக்கப்பள்ளி வாத்தியார் சம்பளம் அதற்குக் கீழே இருந்தால் ஸ்டாம்பு இல்லாமலே இருக்கும். அதே ஆளுக்கு ஒரு தாளில் மட்டும் ஸ்டாம்பு ஒட்டியிருந்தால், பல மாத பாக்கியைச் சேர்த்துக் கொடுத்ததாக இருக்கலாம். மாதப் பத்தியைச் சரிபாருங்கள். எய்டட் காலத் தாள் என்றால் இன்னொரு சந்தேகமும் வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் வேறு, வாத்தியார் வேறு என்ற பள்ளிகளில் முழுத்தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுப்பது ஊரறிந்த புகார். கையெழுத்து இருப்பதால் பணம் போய்ச் சேர்ந்தது என்று எழுதிவிட முடியாது.

பெண்பிள்ளைகள் பத்தி காலியாக இருந்தால் முதலில் பெண் ஆசிரியர் இருந்தாரா என்று பாருங்கள். தனியாக ஒரு பெண் அந்த ஊரில் தங்க வழியில்லை. மிஷன் பள்ளிகள் உபதேசியாரையும் (சபை ஊழியர்) மனைவியையும் சேர்த்து அனுப்பிச் சமாளித்தன; போர்டுக்கு அந்த வசதி இல்லை.

சேதுக்கரையான்:

மிக்க நன்றி சார். அவசரத்துக்கு ஒரு வருடத்தை மட்டும் காலை, பிற்பகல் என்று பிரித்துப் பார்த்தேன், வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். ராமநாதபுரம் ஜில்லா சராசரியோடு எங்கள் பள்ளியை ஒப்பிடலாமா? 1920 கட்டாயக் கல்விச் சட்டம் எங்கள் ஊரில் அமலில் இருந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழையதாள்:

ஜில்லா சராசரியோடு ஒப்பிடாதீர்கள். ராமநாதபுரம் ஜில்லா 1910ல்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து உண்டாக்கியது. உங்கள் பக்கத்தின் அதற்கு முந்தைய எண்கள் மதுரைக் கணக்கில் கிடக்கும். 1910லிருந்து 1985 வரை அந்த ஜில்லாவுக்குள் விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகங்கை, காரைக்குடி எல்லாம் அடக்கம். மகமைப் பணத்தில் (வியாபாரிகளின் பொது நிதி) சத்திரிய வித்தியாசாலை நடத்திய விருதுநகரும், செட்டிநாட்டுப் பள்ளிகளும் சேர்ந்த சராசரி அது. கடற்கரையைப் பார்க்க வேண்டுமானால் ராமநாதபுரம், முதுகுளத்தூர், திருவாடானை தாலுகா எண்களைத் தேடுங்கள். ராமநாதபுரம் டவுனையும் கழித்துவிட வேண்டும். 1785லேயே ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முயற்சியில் ஆங்கிலப் பள்ளி கண்ட ஊர், அதன் கணக்கு கடலோரக் குப்பத்துக்குப் பொருந்தாது.

1920 சட்டம் மாகாணம் முழுவதையும் ஒரே நாளில் கட்டாயத்தில் தள்ளவில்லை. நகராட்சியோ தாலுகா போர்டோ தன் எல்லையில் எந்தப் பகுதிக்கு வேண்டுமோ அதற்குக் கேட்டு, அரசு அனுமதித்தால்தான் கட்டாயம். ஜில்லாவுக்கு ஒரு கல்விக் கவுன்சில், கல்வி வரி போடும் அதிகாரம், அரசின் பங்கு ஆகியவை சட்டத்தின் பொது ஏற்பாடு. ஆகவே ஊர் பெயரோடு அறிவிக்கை இருந்தால்தான் கட்டாயம் இருந்ததாகக் கொள்ள வேண்டும். செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் (அன்றைய சென்னை அரசிதழ்) ஜில்லா வாரியாகப் பார்க்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1920களின் கல்வி அரசாணைகள் சட்ட (கல்வி) இலாகாத் தொகுதியில் இருக்கும்; கல்வி என்ற தலைப்பில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. 1934ல் தாலுகா போர்டுகள் ஒழிந்தபின் பள்ளி ஜில்லா போர்டுக்குப் போயிருக்கும், அதற்கேற்ப அலுவலகப் பெயர் மாறும். தலித் குடியிருப்பில் தனிப்பள்ளி இருந்திருந்தால் அது இந்த வரிசையிலேயே வராது. லேபர் இலாகா தனியாக நடத்தியது, தாளும் தனி. உங்கள் பள்ளி கோயில் சாவடியிலோ மேல்சாதித் தெருவிலோ நடந்த வருடங்களில் அந்தப் பிள்ளைகள் பட்டியலில் இல்லையென்றால், அதை வருகைக்குறைவு என்று எண்ணவே கூடாது. அவர்களை உள்ளே விடவில்லை.

தொண்டித்துறை:

ஒரு விட்டுப்போன விஷயம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமைப் பத்தியைப் பாருங்கள். முஸ்லிம் பள்ளியாகப் பதிவாகியிருந்தால் வெள்ளி விடுமுறை, ஞாயிறு பள்ளி. பொதுப் போர்டு பள்ளியாக இருந்தால் வெள்ளி பிற்பகல் ஒட்டுமொத்தமாக விழும், நோன்பு மாதத்தில் நாள் பூராவும் இளைக்கும். நோன்பு பிறைக்கணக்கு என்பதால் வருடத்துக்கு 10, 11 நாள் முன்னால் நகரும். வாடைக்காற்று அண்ணன் சொன்ன தமிழ் மாதத் தாளில் இதைத் தனிக் கோடாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருடம் பனையோடும் இன்னொரு வருடம் விதைப்போடும் கலந்து தெரியும். காலையில் குர்ஆன் மதரஸா முடித்து வரும் பிள்ளை முதல் மணியில் இருக்காது, வருகை எடுத்தபின் வந்து உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் விலகியவன் கொழும்புக் கடைக்குக் கணக்குப் பார்க்கப் போயிருக்கலாம். நான்காம் வகுப்பு வரை வந்து, கணக்கு தெரிந்துகொண்டு போனவனை விரயத்தில் சேர்ப்பீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதிப் பத்தியை வைத்து வயதுக்கணக்கு போடவேண்டாம். சேர்க்கும் நாளில் வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய தேதிதான் பாதிக்கு மேல். ஒரே பையன் வாடிக்குப் போய்விட்டு அடுத்த வருடம் திரும்பினால் புது எண்ணில் புது வயதோடு சேர்ந்திருப்பான். தகப்பன் பெயரையும் வீட்டுப் பெயரையும் வைத்து இரட்டைப் பதிவுகளை முதலில் ஒன்றாக்கிவிட்டு, பிறகு கரும்பலகை சார் சொன்ன கணக்கைத் தொடங்குங்கள். முதலில் கணக்குப் போட்டுப் பின்னால் ஒன்றாக்கினால் எல்லாவற்றையும் மறுபடி போடவேண்டி வரும்.